வண்டிக்கு இங்கிலீஷ் தெரியாது

2023 ஜூலை மாதம். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. விலை ஏறிய கதையை எழுத ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பறிக்கிறவர்கள், ஏற்றிச் செல்கிறவர்கள் பக்கமிருந்து ஏதாவது தேறுமா என்று பார்க்க நான் புனே மாவட்டத்தில் உள்ள நாராயண்காவுக்குப் போனேன். புனேயிலிருந்து நாசிக் போகும் சாலையில் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். தக்காளிச் சந்தைக்குப் பெயர் போன ஊர். தமாஷா ஆட்டக் குழுக்களுக்கும்தான். சற்றுத் தள்ளி கோடத் கிராமத்தை மையமாக வைத்து, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ முணுமுணுப்பைக் கேட்கிற தொலைநோக்கி. கூத்தும் கூச்சலும் ஒரு பக்கம், காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது ஒரு பக்கம்.

தக்காளிக் கட்டுரை தேறவில்லை. வேறொன்று தேறியது. ஒரு பழைய பிக்கப் வண்டியின் நடுக்கம்.

வண்டிக்குப் பதினோரு வயது. ஓட்டுநரே உரிமையாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். நாலு வருடத்துக்கு முன் பழைய வண்டியாக வாங்கி, அந்த ஆண்டுதான் தவணை முடித்திருந்தார். விடியற்காலை ஆள் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போவது, பகலில் இருபது கிலோ கிரேட்டுகளை அடுக்கிச் சந்தைக்குக் கொண்டுவருவது, மாலையில் ஆட்களைத் திரும்பக் கொண்டு விடுவது, சில இரவுகளில் மால்ஷேஜ் கணவாய் வழியாகக் கல்யாண், வாஷி வரை போவது. சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி அங்கே யாரிடமும் பேசிப் பயனில்லை. வேறு வண்டி வராது.

அன்று காலை நாங்கள் தோட்டத்துக்குப் புறப்பட்டபோது பின்னால் எட்டுப் பெண்கள், காலிக் கிரேட்டுகள். முன்னால் நானும் அவரும். ஊருக்குள் வண்டி சாதுவாகத்தான் போயிற்று. நெடுஞ்சாலையில் ஏறி ஐம்பத்தைந்தைத் தொட்டதும் ஆரம்பித்தது. இருக்கைக்கு அடியில் யாரோ மாவு மில் ஓட்டுகிற மாதிரி. அறுபதில் கதவுக் கண்ணாடி படபடத்தது. எழுபதுக்குப் பக்கம் போனால் சற்றுத் தணிந்தது.

“இது என்ன?” என்றேன்.

“வைப்ரேஷன்” என்றார், ஊர்ப் பெயரைச் சொல்வது போல. “ஒரு வருஷமா இருக்கு.”

ஒரு வருடத்தில் அவர் செய்த செலவுகளை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் டயர் கடை. வைப்ரேஷன் என்றதும் முன் டயர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினார். வீல் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டு முறை. அடுத்து ஒரு எஞ்சின் மெக்கானிக். வைப்ரேஷனா, எஞ்சின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கும். அதுவும் ஆயிற்று. மூன்றாமவர் கிளட்ச்சைப் பிரித்தார். நாலாமவர் கழற்றியே பார்க்காமல், “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்” என்று சொன்னார். பணம் கேட்காதவர் அவர் ஒருவர்தான். மொத்தம் முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நடுக்கம் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. எட்டு வருடத்துக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கொரு முறை தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். அதையும் இந்த வண்டி நடுங்கிக்கொண்டே வாங்கியிருந்தது.

“தவணை முடிஞ்சா வண்டி எனக்குச் சோறு போடும்னு நினைச்சேன். இப்பவும் நான்தான் அதுக்குப் போட்டுக்கிட்டிருக்கேன்” என்றார்.

மாலையில் சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு, பெண்களை ஏற்றிக்கொண்டு ஓத்தூர் பக்கம் கிளம்பினோம். மழை பிடித்துக்கொண்டது. ஆளேபாட்டா கூட்டுச் சாலைக்கு வரும்போது நடுக்கம் காலையைவிட அதிகமாக இருந்ததாக எனக்குப் பட்டது. அவருக்கும் பட்டிருக்க வேண்டும். சாலையோரம் வரிசையாக ஒர்க்‌ஷாப்புகள். கடைசியில் இருந்த ஒரு தகரக் கொட்டகையின் முன் நிறுத்தினார். “இந்தக் காக்காவிடம் இதுவரை காட்டியதில்லை” என்றார். மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா. நம் ஊர்ப் பறவை அல்ல.

அறுபதைத் தொட்ட மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் செப்புக் கம்பி. எழுந்து வராமலே கேட்டார்: “காய் ஹோதய்?” என்ன ஆகிறது?

“வைப்ரேஷன், காக்கா.”

“அது இங்கிலீஷ். வண்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன ஆகுதுன்னு சொல்லு, பாவு.”

ஓட்டுநர் விழித்தார். ஒரு வருடமாக நாலு கடைகளில் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களும் அதோடு திருப்தியடைந்து, அவரவர் கையில் இருந்த ஸ்பேனருக்கு ஏற்ற இடத்தில் அதைப் பொருத்திக்கொண்டார்கள். பெரியவர் விடவில்லை. தரதரவென்று நடுங்குகிறதா, ஹாதர்தே என்று தூக்கிப் போட்டு உலுக்குகிறதா, டுல்தே என்று பக்கவாட்டில் அசைந்தாடுகிறதா? ஸ்டியரிங்கில் கைக்கு வருகிறதா, இருக்கையில் முதுகுக்கு வருகிறதா, தரையில் காலுக்கு வருகிறதா? பிரேக் பிடித்தால் மட்டும் வருகிறதா? சுமை இருந்தால் கூடுகிறதா, குறைகிறதா?

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பு மேசையில் வைப்ரேஷன் என்று வந்தால் என் கை தானாக ‘அதிர்வு’ என்று எழுதும். இருபது வருடப் பழக்கம். நடுக்கம், உதறல், குலுக்கல், துடிப்பு, விதிர்ப்பு, ஆட்டம் என்று வேறு வேறு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன, அவை வேறு வேறு விஷயங்கள் என்பது தமிழ் முதுகலை படித்த எனக்குத் தெரியாததல்ல. தேவைப்பட்டதில்லை, அவ்வளவுதான். தேவைப்படுகிறவர் ஆளேபாட்டாவில் தகரக் கொட்டகையில் இருந்தார்.

ஓட்டுநருக்கு ஒன்றுதான் திட்டமாகச் சொல்ல முடிந்தது: சுமை ஏற்றினால் நடுக்கம் குறைகிறது. பெரியவர் அப்போதுதான் எழுந்தார். வண்டியின் முன்புறம் போகவில்லை, பின்னால் போனார். தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களில் மூத்தவளைப் பார்த்து, “மாவ்ஷி, எங்கே ஆட்டம் அதிகம்?” என்று கேட்டார். மாவ்ஷி என்றால் அம்மாவின் கூடப் பிறந்தவள்.

அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கேபினை ஒட்டிய இடம்தான் மோசம். காற்றும் மழையும் படாத நல்ல இடம் அது, ஆனாலும் யாரும் உட்கார மாட்டார்கள். இருக்கிறவர்களில் சின்னவளை அங்கே தள்ளிவிடுவோம். சக்கரத்துக்கு மேலே அவ்வளவு இல்லை. பிறகு அவள் சொன்ன சொல்: “கும்தே.”

மராத்தியில் புறா எழுப்பும் ஒலிக்கும், தாளம் கூடத்தில் நிறைந்து எதிரொலிப்பதற்கும் அந்தச் சொல் பொருந்தும். நம் பள்ளிக்கூட மரபுச் சொல் பட்டியலில் புறா குனுகும், வண்டு முரலும். வண்டி? பட்டியல் போட்டவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

ஒரு வருடமாக அந்த நடுக்கத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து போனவர்கள் இந்தப் பெண்கள். நாலு கடைக்காரர்களும் கேட்கவில்லை. ஓட்டுநரும் கேட்கவில்லை. நானும் காலையிலிருந்து அவர்களிடம் கூலி எவ்வளவு, கிரேட் எத்தனை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியவர் அவர்களை இறங்கச் சொன்னார். “கீழே பார்க்காம இவங்களை இதுல அனுப்ப மாட்டேன்.” சாலைக்குப் போய் அவரே ஒரு ஷேர் ஜீப்பை நிறுத்தினார். ஜீப்புக்கு ஓட்டுநர் பணம் கொடுத்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது.

அதன் பிறகும் அவர் வண்டிக்கு அடியில் போகவில்லை. முதலில் தண்ணீர்க் குழாயை எடுத்து நாலு சக்கரங்களின் உட்புறத்தையும் பீய்ச்சிக் கழுவினார். மழைக்காலத்துத் தோட்டத்து மண் வட்டையின் உள்பக்கம் அப்பி, காய்ந்து, ஒரு பக்கமாகக் கனத்துக் கிடக்கும். பேலன்சிங் இயந்திரத்தில் ஐந்து, பத்து கிராம் ஈயக் கட்டிகளை வைத்துச் சரி செய்கிறார்கள், இங்கே இரண்டு கை மண் விழுந்தது. அடுத்து ஒவ்வொரு டயரின் மேலும் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே போனார். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் போல இடறினால் அலைன்மென்ட் கோளாறு. மேடும் பள்ளமுமாக இருந்தால் ஷாக் அப்சார்பர். எங்காவது கட்டி போலப் புடைத்திருந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. அந்த டயரோடு கொட்டகையைவிட்டு வெளியே போகக் கூடாது, வழியில் வெடிக்கும். சக்கர நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். முன் வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு சாக்பீஸை வட்டையின் விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். ஒரு இடத்தில் மட்டும் கோடு விழுந்தது. வட்டை சற்று வளைந்திருக்கிறது. “இது ஒண்ணு. ஆனா மாவ்ஷி சொன்னது இது இல்லே” என்றார்.

அப்புறம்தான் ஓட்டிப் பார்க்கப் போனோம். மழை விட்டிருந்தது. பாதி தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை என் காலடியில் நிற்க வைத்து, கழுத்தை மட்டும் இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஐம்பத்தைந்தில் தண்ணீரின் மேல்பரப்பு கலங்கவில்லை. ஊசி ஊசியாக நெருங்கிய வளையங்கள் எழுந்தன. சக்கரக் கோளாறு என்றால் தண்ணீர் மெத்தென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும் என்றார். ஸ்டியரிங்கில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

நாலாவது கியரில் அறுபதில் போய்க்கொண்டிருந்தவர் மூன்றாவதுக்கு மாற்றி, அதே அறுபதில் நிறுத்தினார். எஞ்சின் அலறியது. பாட்டிலில் வளையங்கள் மாறவில்லை. பின்னால் வண்டி எதுவும் இல்லாத சமதளமாகப் பார்த்து நியூட்ரலில் விட்டார். எஞ்சின் அடங்கியது, சாவியை அணைக்கவில்லை. அணைத்தால் பிரேக்கின் பலம் போய்விடும். வளையங்கள் அப்படியே இருந்தன. வேகம் ஐம்பதுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அடங்கின. எஞ்சின் மவுண்டிங்குக்கும் கிளட்ச்சுக்கும் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று ஓட்டுநருக்கு அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அளவு டயர் ஒரு சுற்று உருண்டால் ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் போகும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். ஆக டயர் நொடிக்கு ஏழு தடவைக்குச் சற்று மேல் சுற்றுகிறது. டயரில் ஒரு பக்கம் கனம் கூடினால் நொடிக்கு ஏழு உதறல், கிட்டத்தட்ட விரல் விட்டு எண்ணலாம். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகிற நீளக் குழாயான புரொப்பல்லர் ஷாஃப்ட், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நாலு சுற்றுக்கு மேல் சுற்றும். நொடிக்கு முப்பது. உதறலாக அல்ல, நடுக்கமாகத்தான் அது உடம்புக்குத் தெரியும். அந்த ஷாஃப்டின் மூட்டுகளில் கோளாறு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இடிக்கும். நொடிக்கு அறுபது. அது பாதி நடுக்கம், பாதி ஒலி. குனுகும். கும்தே!

கியரை மாற்றிப் பார்த்ததன் சூட்சுமமும் அப்போதுதான் புரிந்தது. இந்த வண்டிக்கு நாலாவது கியர் நேர் கியர், எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். நடுங்குவது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றாவதுக்கு வந்தால் எஞ்சின் வேகம் கூடும், ஷாஃப்ட் பழைய வேகத்திலேயே இருக்கும். பெரியவர் இந்தக் கணக்கையெல்லாம் போட்டிருக்க மாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் சொன்னபோது அவர், “தெரியும், டயர் சைஸ் மாறினா கணக்கு மாறும்” என்றார்.

திரும்பவும் கொட்டகைக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் அச்சை இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றிய பிறகு பெரியவர் அடியில் போனார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்தவர்களின் கதைகள் அவரிடம் இரண்டு இருந்தன. இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

இந்த மாதிரி நீள வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் கேபினின் பின்புறத்துக்குக் கீழே ஒரு பேரிங், ரப்பர் வளையத்துக்குள் தொங்கும். அதுதான் சென்டர் பேரிங். பெண்கள் உட்கார மறுத்த இடத்துக்கு நேர் கீழே. டார்ச் அடித்துக் காட்டினார். ரப்பர் மூன்றில் இரண்டு பங்கு கிழிந்து, ஷாஃப்ட் அதற்குள் தொளதொளவென்று கிடந்தது. அதற்குப் பின்னால் உள்ள கிராஸைக் கையால் திருகினார், ஒரு மயிரிழை ஆட்டம். தொப்பி ஓரங்களில் குங்குமம் போலச் செம்பொடி. கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆனால் அவர் தேடியது வேறு. சறுக்கு மூட்டின் மேலிருந்த கிரீஸ் அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். இரண்டு பாகத்திலும் ஒவ்வொரு அம்புக் குறி தெரிந்தது. ஒன்றையொன்று பார்க்க வேண்டிய அம்புகள் ஒரு பல் தள்ளி நின்றன.

“கடைசியா கிராஸ் எப்ப மாத்தினே?”

ஓட்டுநர் யோசித்தார். போன வருடம் மே, ஜூனில், நெடுஞ்சாலையோரம், இரவில். வண்டி நடுவழியில் நின்றுபோனது. யாரோ ஒரு பையன் ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தான். நடுக்கம் எப்போது ஆரம்பித்தது? அதற்குப் பிறகுதான். இரண்டையும் அவர் சேர்த்து நினைத்ததே இல்லை. உடனே தெரியவில்லை, ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தாராம்.

கிராஸ் என்பது கூட்டல் குறி போல ஒரு துண்டு. இரண்டு கவைகளை இணைக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்து எழுதிய மூட்டு, இன்றும் அவர் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். கோணத்தில் விசையைக் கடத்தும், ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. ஒரு கவை சீராகச் சுற்றினாலும் மறு கவை சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். கோணம் கூடக் கூட இந்த முந்தலும் பிந்தலும் கூடும். அதனால்தான் ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொரு மூட்டு. ஷாஃப்டின் இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால் முதல் மூட்டு செய்த கோணலை இரண்டாவது நிமிர்த்திவிடும். ஒரு பல் தள்ளிப் பூட்டினால் நிமிர்த்துகிற வேலை முழுதாக நடக்காது. மிச்சம் சென்டர் பேரிங்கை இடிக்கும், ரப்பர் கிழியும், கிராஸ் தேயும். பையன் போட்ட கிராஸ் நல்ல கிராஸ்தான். பூட்டியதில்தான் பிசகு.

சுமை ஏற்றினால் குறைவதன் காரணமும் அடியிலேயே இருந்தது. பின் ஸ்பிரிங்கில் கம்பெனி வைத்ததற்கு மேல் இரண்டு பட்டைகள் கூடுதலாக இருந்தன. இவ்வகை வண்டி ஒன்றேகால் டன் ஏற்ற வேண்டியது. நூறு கிரேட் என்றால் தக்காளி மட்டுமே இரண்டு டன். அதற்காகப் போட்ட பட்டைகள். காலியாக ஓடும்போது வண்டியின் பின்புறம் பூனை முதுகைத் தூக்கியது போல நிற்கிறது, மூட்டுகளின் கோணம் கூடுகிறது. சுமை ஏறினால் பட்டை தணிந்து கோணமும் குறைகிறது. ஆட்களை ஏற்றிப் போவது காலி வண்டியில். நடுக்கம் முழுவதும் அவர்களுக்கே.

விட்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பெரியவர் கையை நீட்டிக் காட்டினார். ஷாஃப்டுக்குப் பக்கத்திலேயே பிரேக் குழாய் போகிறது. மூட்டு விட்டுப்போய் ஓடுகிற வேகத்தில் ஷாஃப்ட் சுழற்றி அடித்தால் அது முதலில் அறுக்கக்கூடியது அந்தக் குழாயைத்தான். முன் முனை கழன்று சாலையில் குத்தினால் வண்டியையே நெம்பித் தூக்கும். மால்ஷேஜ் கணவாயை நினைத்தேன். மழைக்காலத்தில் அங்கே பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியாது. ஓட்டுநரும் அதைத்தான் நினைத்திருப்பார். அவர் பேசவில்லை.

ஷாஃப்டைக் கழற்றும் முன் பெரியவர் ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் ஒரு சின்ன வெட்டுப் போட்டுக்கொண்டார். எப்படிக் கழற்றினோமோ அப்படியே பூட்ட, தவறை மட்டும் விட்டுவிட்டு. மறுநாள் காலை நாராயண்காவிலிருந்து சென்டர் பேரிங்கும் ஒரு கிராஸும் வந்தன. பூட்டும்போது அம்புகளைச் சேர்த்தார். சேர்த்த பிறகு என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஷாஃப்ட் குழாயில் நசுங்கல் இருக்கிறதா, பேலன்ஸுக்காக வைத்துப் பற்றவைத்த இரும்புத் துண்டு விழுந்திருக்கிறதா என்று குழாய் நெடுகத் தடவினார். இருந்தது. பொருள்களுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம், கூலி ஐந்நூறு.

சண்டை வந்தது பட்டைக்குத்தான்.

“அந்த ரெண்டு பாட்டாவையும் எடுத்துடு. அது இருக்கிறவரைக்கும் கிராஸ் வருஷத்துக்கு ஒண்ணு கேட்கும்.”

“எடுத்தா நூறு கிரேட்டை யார் சுமக்கிறது, காக்கா? எண்பது ஏத்தினா நாளைக்கு வியாபாரி வேற வண்டி பாத்துப்பான்.”

“அறுபதுதான் ஏத்தணும்.”

ஓட்டுநர் சிரித்தார். அறுபது கிரேட்டுக்கு வாடகை என்ன, டீசல் என்ன என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பெரியவருக்கும் அந்தக் கணக்குத் தெரியும் போலிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே மறுபடி அடியில் போய், சென்டர் பேரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு தடித்த வாஷர்களைச் சொருகினார். பேரிங் சற்றுக் கீழே இறங்கும், பின் மூட்டின் கோணம் கொஞ்சம் குறையும். “இது பாதி வைத்தியம். பாதி உன் கையில” என்றார். கிராஸுக்கு மாதம் ஒரு முறை கிரீஸ் அடிக்கச் சொன்னார். எழுதிக் கொடுக்கச் சொல்லி ஓட்டுநர் கேட்க, டீக்கடை நோட்டீசின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஓட்டிப் பார்த்தபோது பாட்டில் என் காலடியிலேயே இருந்தது. ஐம்பத்தைந்து. அறுபது. தண்ணீர் குளம் போலக் கிடந்தது. நடுக்கம் போனதும் இதுவரை அதில் அமுங்கிக் கிடந்த சத்தங்களெல்லாம் கேட்க ஆரம்பித்தன. பின்கதவுச் சங்கிலி, கதவின் கீல், எங்கேயோ உருளும் ஒரு நட்டு. எழுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் மெல்ல உதறியது. ஓட்டுநர் திடுக்கிட்டுக் காலை எடுத்தார்.

“அது வட்டை வளைவு. நேத்தே சொன்னேனே. அது வேற நோய்” என்றார் பெரியவர். “பணம் இருக்கிறப்போ வா. அதுவரைக்கும் எழுபதுக்கு மேலே போகாதே.”

மறுநாள் விடியற்காலை அதே பெண்கள் ஏறினார்கள். முதல் நாள் கேட்காமல் விட்டதைக் கேட்கலாம் என்று நானும் போயிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த மாவ்ஷி கேபினை ஒட்டிய இடத்தில் ஒரு காலிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அங்கே எப்போதும் உட்காரும் சின்னப் பெண், தன் இடம் போய்விட்டதென்று, பின்கதவுப் பக்கம் நனைந்துகொண்டு நின்றாள்.